கைக்கும் சில்லுக்கும் நடுவே

திருகோணமலை மாவட்டத்தில் ஒரு லொறியின் ஸ்டியரிங் எப்படி இருக்கிறது என்று முன்பெல்லாம் தீர்ப்புச் சொன்னது கிண்ணியாத் துறைதான். சீனக்குடாவைக் கழிய வீதி நீரோரத்தில் முடிந்துவிடும். அதற்கப்பால் வாகனங்களை அக்கரை சேர்ப்பது பாதை. மிதவைகளின்மேல் தளம் போட்ட அந்தப் பாதையில் நெல்மூட்டை அடுக்கிய லொறியை ஏற்றும்போது சாரதிக்கு இரு பக்கமும் கிடைக்கிற இடம் மிகக் குறைவு. முன்சில்லு ஏறுகிற கணத்தில் தளம் ஒரு பக்கம் அமிழும். சாரதி ஸ்டியரிங் சக்கரத்தைச் சற்றே ஒடிப்பார். கை ஒடித்த அளவுக்குச் சில்லும் உடனே ஒடிந்தால் லொறி நேராக ஏறிவிடும். கை திரும்பியும் சில்லு திரும்பாமல் அரைச் சாண் வீணாகப் போனால், அடுத்த கணம் அவர் அளவுக்கு மிஞ்சி ஒடிக்கவேண்டி வரும். சில்லு விளிம்புக்குப் போய்விடும். அதனால் மூதூர்ப் பக்கம் லோட் ஏற்றிப் போகிற லொறிக்காரர் பலர் முதல்நாளே எங்கள் கராஜுக்கு வந்து, "பாஸ், ஸ்டியரிங்கில பிளே கூடிப்போச்சு, ஒருக்காப் பாருங்கோ" என்பார்கள்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். அன்று இலங்கையின் மிக நீளமான பாலம் அதுவே. இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணைப் பாதைக்காகக் காக்க வைத்த காலம் அன்றோடு முடிந்தது. அந்தப் பாலத்தை நான் முழுமனதோடு வாழ்த்துகிறேன். ஆனால் துறை போனதோடு அந்தச் சோதனையும் போய்விட்டது. வழவழப்பான காப்பற் வீதியில் தேய்ந்த ஸ்டியரிங்கும் நல்ல ஸ்டியரிங்போலவே ஓடும். குறை வெளியே தெரிவது ஒரு மாடு குறுக்கே பாயும்போதோ, கந்தளாய்ப் பக்கத்து வளைவில் எதிரே பஸ் வரும்போதோதான். வீதி நன்றாக இருக்கிற நாளில்தான் வண்டிக்குள் இருக்கிற இணைப்பைப் பற்றி நாம் கூடுதலாகக் கவலைப்படவேண்டும். கராஜிலேயே வளர்ந்து, தகப்பனாருக்குப் பிறகும் அந்த வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற முறையில் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

என் தகப்பனார் தொழில் கற்றது பிரித்தானியக் கடற்படையின் டொக்யாட்டில். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்ட கதையை அங்கே மூத்த தொழிலாளர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். பயிலுநராகச் சேர்ந்து ஃபிற்றர் ஆனார். ஒரு நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், இறுக்கிய நட்டு கழராமல் எதைப் பூட்ட வேண்டும், பூட்டியதை யார் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே எழுதப்பட்ட ஒழுங்காக இருந்தது. 1957இல் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. நாட்டுக்கு அது பெருமையான நாள். டொக்யாட்டை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கோ அடுத்த மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று தெரியாத நாள். அப்படி வெளியே வந்த கைகளில் சில கொழும்புக்குப் போயின. சில இங்கேயே பட்டறை போட்டன. தகப்பனார் அநுராதபுரச் சந்திப் பக்கம் தகரக் கூரை போட்டு ஒரு கராஜ் திறந்தார். கடற்படையின் ஒழுங்கு அந்தத் தகரக் கொட்டிலுக்குள் வந்து குடியேறியது.

அடுத்து வந்தது தட்டுப்பாட்டுக் காலம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970க்குப் பிறகு அது இன்னும் இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரைக்கும் நாட்டில் இருந்த வண்டிகளைக் கொண்டே நாடு ஓடியது. எங்கள் கராஜில் நின்றவை பெட்போர்ட் லொறிகள், ஒஸ்டின் கார்கள், மொரிஸ் மைனர் கார்களும் அவற்றின் பிக்அப்புகளும். நிலாவெளியில் கரைவலை மீன் எடுத்து ஊருக்குள் விற்றவர்களுக்கு மொரிஸ் பிக்அப் பெரிய துணை. முன்பக்கம் கார், பின்பக்கம் சிறு லொறி. பனிக்கட்டி உருகி ஒழுகும் உப்புத்தண்ணீர் அதன் தகரத்தைத் தின்றுகொண்டே இருந்தது. என்ஜினும் ஸ்டியரிங்கும் மட்டும் தின்னப்படாமல் தாங்கின.

அந்தச் சின்னப் பிக்அப்பின் ஸ்டியரிங்கும் பெட்போர்ட் லொறியின் ஸ்டியரிங்கும் இரு வேறு குடும்பம். சக்கரத்திலிருந்து கீழே இறங்கும் தண்டைக் கொலம் என்போம். லொறியில் கொலத்தின் அடியில் ஒரு கனத்த பெட்டி இருக்கும். சக்கரத்தைத் திருப்பினால் பெட்டிக்குள் திருகுபோல வெட்டிய புழுத்தண்டு சுழலும். அது ஒரு கையை முன்னும் பின்னும் அசைக்கும். அந்தக் கையோடு பூட்டிய நீளத்தண்டு சில்லை ஒடிக்கும். சக்கரத்தைப் பல சுற்றுச் சுற்றினால்தான் சில்லு முழுதாகத் திரும்பும். அதனால்தான் தொன்கணக்கில் பாரம் சுமந்த லொறியை ஒரு மனிதன் கைப்பலத்தால் திருப்ப முடிந்தது. மொரிஸில் பெட்டி கிடையாது. கொலத்தின் அடிமுனை நேராக ஒரு சிறு பினியனோடு சேரும். பினியனின் பற்கள் ராக் என்ற நீளச் சட்டத்தின் பற்களோடு கௌவும். பினியன் சுழலச் சட்டம் இடமும் வலமும் போகும். சட்டத்தின் இரு முனையும் சில்லுகளை ஒடிக்கும். நடுவே வேறு கைகள் இல்லாததால் சக்கரம் விரல் அளவு அசைந்தாலும் சில்லு கேட்கும்.

ராக் என்பது ஜப்பான் வண்டிகளோடு வந்த புதுச் சங்கதி என்று இன்றைய இளைஞர் பலர் நினைக்கிறார்கள். 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சில்லு வண்டியிலேயே பல்லுச் சட்டமும் பினியனும் இருந்தன. 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மொரிஸ் மைனர் வெளிவந்தபோது, அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் சாதாரண குடும்பம் வாங்கக்கூடிய காருக்குள் ராக் ஸ்டியரிங்கைக் கொண்டுவந்தார். 1953இல் அதே முன்பாகத்தோடு பிக்அப்பும் வானும் வந்தன. 1971 வரைக்கும் மைனர் குடும்பத்தில் 16 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. ஆகவே மீன்பெட்டி சுமந்த எங்கள் பழைய பிக்அப்புகளின் அடியில் இருந்தது, இன்று ஷோரூமில் பளபளக்கும் காரின் அடியில் இருக்கிற அதே பொறிமுறைதான். ஏழையின் வண்டி, மீன்வண்டி என்று அன்று ஒதுக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே பிக்அப்பைப் பெருவிலை கொடுத்துத் தேடுகிறார்கள். காலம் செய்த இந்த நீதி எனக்கு மனநிறைவைத் தருகிறது.

அந்தக் கால வேலைமுறைக்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். கிண்ணியாக்காரர் ஒருவரின் மொரிஸ் பிக்அப் வந்தது. கொலம் பினியனோடு சேரும் இடத்தில், ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் நெடுவரிப் பற்கள் தேய்ந்துபோயிருந்தன. இவற்றை ஸ்பிளைன் என்போம். கௌவிப் பிடிக்கிற போல்டை எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் ஒரு பக்கம், பினியன் ஒரு பக்கம். அவருக்கு மறுநாள் விடியற்காலை சந்தைக்கு மீன் போகவேண்டும்.

"பாஸ், ஒரு பொட்டு வெல்டிங் வெச்சித் தாங்க. காலையில நான் போயிருவன்" என்றார்.

தகப்பனார் வேலைத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வாங்கில் இருந்தார். "காக்கா, வெல்டிங் வைச்சா இண்டைக்கு ஓடும். எண்டைக்கு விடும் எண்டு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வேற ஆரின்ரையும் வண்டியில மீனை அனுப்புங்கோ. கூலி கூடினா அதில பாதி நான் தாறன்."

பினியன் உரமேற்றிய உருக்கு. பற்கள் தேயாமல் இருக்க அதைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினப்படுத்தியிருப்பார்கள். வெல்டிங் சூடு ஏறினால் ஓரிடத்தில் அந்த உரம் இறங்கும். பக்கத்திலேயே இன்னோரிடம் கண்ணாடிபோல முறுகும். மேற்பார்வைக்குத் தையல் பலமாகத் தெரியும். உள்ளே மயிரிழைபோல ஒரு வெடிப்புத் தொடங்கும். குண்டும் குழியுமான வீதியில் ஒவ்வொரு அதிர்வுக்கும் அது சற்றுச் சற்றாக வளரும். அறுகிற நாள்வரைக்கும் ஒரு சத்தமும் தராது. பிரேக் பழுதானால் கியரைக் குறைக்கலாம், கைப்பிரேக்கை இழுக்கலாம். ஸ்டியரிங் அறுந்தால் சாரதியின் கையில் ஒரு வெறும் வளையம்தான் மிஞ்சும்.

அந்த ராக்குக்குப் பாகம் தேடித் தகப்பனார் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சொல்லியனுப்பினார். உடைத்து விற்கிற பழைய வண்டிகளின் உறுப்புகளுக்கு அன்றைக்கும் இன்றைக்கும் தலைநகர் அந்தத் தெருக்கள்தான். இரவு பஸ்ஸில் நடத்துநர் கையில் சாக்கில் கட்டி வந்தது பாகம். தகப்பனார் முதலில் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு மண்ணெண்ணெயில் கழுவி, சோக்குத் தூளைத் தடவி, வெடிப்பு உண்டா என்று மறுபடி பார்த்தார். வெடிப்புக்குள் தங்கிய எண்ணெய் சோக்கில் கோடாக ஊறித் தெரியும் என்பது டொக்யாட்டில் கற்ற முறை. அதன்பிறகே பூட்டத் தொடங்கினார்.

பூட்டும் வேலைக்கு அவர் வைத்திருந்த ஒழுங்கு இன்றும் மனப்பாடம். ராக்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பிச் சுற்றுகளை எண்ணி, அதில் சரிபாதியில் நிறுத்துவார். ராக்கின் நடு அதுதான். சில்லுகளை நேராக வைப்பார். சக்கரத்தின் கம்பிகளை மட்டமாகப் பிடித்துக்கொண்டு கொலத்தைப் பினியனில் இறக்குவார். பினியன் கழுத்தில் போல்ட் குறுக்கே போவதற்கென்று ஒரு வெட்டு இருந்தால், கொலம் முழுதாக இறங்கினால்தான் போல்ட் அந்த வெட்டின் வழியாகப் போகும். பாதி இறங்கி நின்றால் போல்ட் இறுகும், இணைப்பும் உறுதியாகத் தெரியும், ஆனால் வெறும் பிடியில் தொங்கும். ஆகவே துளைக்குள் விளக்கைப் பிடித்து வெட்டைக் கண்ணால் பார்த்த பிறகே போல்டைப் போடுவார். பழைய போல்டைத் திரும்பப் போடமாட்டார். ஸ்டியரிங் வேலையைத் தொடங்கியவரே முடிக்க வேண்டும், இடையில் யாரும் கூப்பிடக் கூடாது, சாப்பாட்டுக்கு எழும்பவும் கூடாது என்பது கராஜின் சட்டம். ராக்குக்குள் கிறீஸ் அடைக்காமல் கியர் எண்ணெய் விடுவதையும், முன்சில்லைத் தாங்குகிற திருகு மூட்டுகளுக்கு மறவாமல் கிறீஸ் அடிப்பதையும் கொப்பியில் குறித்து வைப்பார். மொரிஸில் அந்தத் திருகு மூட்டுக் காய்ந்து தேய்ந்தால் சில்லே மடிந்து விழும். எத்தனையோ நல்ல மைனர்கள் இப்படித்தான் வீதியில் முழந்தாளிட்டன.

வேலை முடிந்ததும் முதல் ஓட்டம் அவருடையது. வண்டிக்காரரைக் கராஜில் இருத்தி விட்டு உட்துறைமுக வீதியில் தானே ஓட்டிப் பார்ப்பார். தான் பூட்டிய ஸ்டியரிங்கைத் தான் பிடிக்காமல் பிறத்தியார் கையில் கொடுப்பது பாவம் என்பார்.

1983க்குப் பிறகு வந்த போர்க்காலம் தொழிலையும் சிதைத்தது. கொழும்புப் பாகங்கள் சோதனைச்சாவடிகளைக் கடந்து வரவேண்டியிருந்தது. கராஜில் வேலை பழகிய பெடியன்கள் கனடாவுக்கும் மத்திய கிழக்குக்கும் போனார்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் அடித்தபோது, மனித இழப்புக்கு முன்னால் வண்டிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசவும் கூடாது. ஆனால் கடல்நீர் புகுந்த ஸ்டியரிங் பெட்டிகளும் ராக்குகளும் மாதக்கணக்கில் உள்ளே துருவேறி, வெளியே கழுவிப் பூசப்பட்டு விற்பனைக்கு வந்தன. பார்வைக்குப் புதுசாக இருக்கிற பாகத்தைத் திறந்து பார்க்காமல் பூட்டக் கூடாது என்ற பாடத்தை எங்கள் ஊருக்கு அந்தப் பேரலை மறுபடி படிப்பித்தது.

இன்றைய நிலைக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. நடுவே 2022இல் எரிபொருள் வரிசை. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் கொள்ளும். அவற்றைக் கூட்டாகப் பயன்படுத்த இந்தியாவோடு புதிய ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே 2022 ஜனவரியில்தான். ஆறு மாதம் கழித்து, அந்தத் தாங்கிகளைப் பார்க்கக்கூடிய தூரத்தில் குடியிருக்கிற சனம் ஒரு போத்தல் பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் படுத்திருந்தது. ஓடாமல் நின்ற அந்த மாதங்களில் பழைய வண்டிகளைப் பிரித்துத் திருத்தத் தொடங்கியவர்கள் பலர். புது வண்டி வராது, இருக்கிறதைக் காப்பாற்று என்ற என் தகப்பன் காலத்துப் பாடம் அறுபது வருடம் கழித்துத் திரும்பி வந்தது.

அப்படி வந்தவன்தான் உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒரு தம்பி. அவனுடைய பேரனார் மீன் ஏற்றிய மொரிஸ் பிக்அப் மாட்டுக் கொட்டிலில் கிடந்தது. அதை ஓடவைத்து, விமானநிலையத்திலிருந்து விருந்தினரை அதில் ஏற்றிவர வேண்டும் என்பது அவன் ஆசை. என்னிடம் வரும்போது கையில் ஜப்பான் சிறு காரொன்றின் மின்சார ஸ்டியரிங் கொலம், அதன் ராக், தொலைபேசியில் ஏகப்பட்ட வீடியோக்கள்.

"அங்கிள், இந்த ராக்கையே மொரிஸுக்குப் போடலாம்தானே? வீடியோவில ஒருத்தர் லொறிக்கே போட்டிருக்கிறார்" என்றான்.

அவன் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு அவனுக்குச் சொன்ன பதிலை எல்லாருக்கும் சொல்கிறேன். இலைவில்லின்மேல் நிற்கும் ஒற்றை அச்சு உடைய பெட்போர்ட் மாதிரி லொறிக்கு ராக் பொருந்தாது. ராக்கைச் சட்டகத்தில் பூட்டினால், அச்சு மேலும் கீழும் குதிக்கும்போது சில்லு தானாகவே ஒடியும். அச்சிலேயே பூட்டினால், கொலத்துக்கும் அதற்கும் நடுவே உள்ள தண்டு ஒவ்வொரு குழியிலும் நீண்டு சுருங்க வேண்டும். பெட்டி ஸ்டியரிங் அந்த லொறிக்குப் பிறந்தது. அதைத் திருத்துவதே முறை. மொரிஸில் முன்சில்லுகள் தனித்தனியே அசைவதால் ராக் பொருந்தும், ஆனால் எந்த ராக்கும் பொருந்தாது. ராக்கின் உள்மூட்டுகள் சில்லைத் தாங்கும் கைகளின் மூட்டுகளோடு ஒத்துவராவிட்டால் ஒவ்வொரு குழியிலும் வண்டி தன்பாட்டில் வழி மாறும். அச்சுக்குப் பின்னால் இருக்கவேண்டிய ராக்கை முன்னால் வைத்தால், வலப்பக்கம் திருப்ப வண்டி இடப்பக்கம் போகும். ஆகவே மொரிஸின் சொந்த ராக்கைத் திறந்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி வைத்துக்கொள்வோம். மின்சாரக் கொலத்தை மட்டும் அதோடு சேர்ப்போம் என்று முடிவெடுத்தோம். இங்கிலாந்தில் மைனர் பிரியர்களும் வொக்ஸ்ஹோல் கோர்சாவின் மின்சாரக் கொலத்தை இப்படிச் சேர்த்து ஓட்டுகிறார்கள்.

சேர்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய மொரிஸில் கொலம் ஒரே நேர்த்தண்டு. மேலே ஒரு ஃபெல்ட் புஷ், கீழே பினியன், இந்த இரண்டுமே அதைத் தாங்கின. புதுக் கொலம் குட்டையானது. அதன் முனைக்கும் பினியனுக்கும் நடுவே ஓர் இடைத்தண்டும் இரண்டு யுனிவர்சல் ஜொயின்டும் வேண்டும். கொலத்தின் கீழ்முனை தன் சொந்த பெயாரிங்கில் ஆடாமல் நிற்க வேண்டும். அது ஆடினால் மற்றதெல்லாம் வீண்.

யுனிவர்சல் ஜொயின்ட் மனித முழங்கைபோல மடங்கிக்கொண்டே சுழற்சியைக் கடத்தும். 17ஆம் நூற்றாண்டில் ரொபர்ட் ஹூக் இதன் இயல்பை ஆராய்ந்து எழுதினார். இதில் ஒரு குணம் உண்டு. மடங்கிய நிலையில் உள்ளே வருகிற சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே போகிற சுழற்சி சீராக இராது. கோணம் 10 பாகை என்றால் ஏற்ற இறக்கம் ஒன்றரை வீதம், கைக்குத் தெரியாது. 30 பாகை என்றால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் 0.87 மடங்குக்கு இறங்கி 1.15 மடங்குக்கு ஏறும். சக்கரம் ஓரிடத்தில் கனமாகவும் அடுத்த இடத்தில் இலகுவாகவும் கையில் தட்டும். 35 பாகைக்கு மேல் போனால் ஜொயின்டே சிக்கும். இரண்டு ஜொயின்ட் போட்டு, இரண்டிலும் கோணத்தை ஒரேயளவாக்கி, இடைத்தண்டின் இரு முனையிலும் உள்ள கவைகளை ஒரே மட்டத்தில் நிறுத்தினால், முதலாவது செய்த ஏற்ற இறக்கத்தை இரண்டாவது சமன்செய்துவிடும். கவைகளைத் தொண்ணூறு பாகை மாற்றிப் பூட்டினால் தவறு இரட்டிப்பாகும். இந்த ஒரு சங்கதியைப் பல வீடியோக்கள் சொல்லாமலே கடந்துபோகின்றன.

அடுத்தது ஸ்பிளைன். ஜப்பான் கொலத்தின் பற்களும் மொரிஸ் பினியனின் பற்களும் எண்ணிக்கையிலும் அளவிலும் வேறு. கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று தட்டி இறக்கினால் இரண்டு பல்லின் முனையில் மொத்த வண்டியும் தொங்கும். அவன் வெல்டிங்கைப் பற்றி வாய் திறந்தான். அந்தக் கிண்ணியாக் காக்காவுக்குத் தகப்பனார் சொன்ன அதே காரணங்களை நான் சொன்னேன். மொரிஸ் பல் அளவில் ஒரு ஜொயின்ட் வெட்டுவித்துத் தரும்படி கொழும்பில் கியர் வெட்டும் பட்டறை ஒன்றுக்குப் பினியனின் அளவைக் கொடுத்தோம். அவசரப்பட்டவனைப் பொறுக்கச் செய்தது பெரிய வேலை. பாகம் வந்தபோது பற்கள் கையால் அழுத்த இறங்கின. ஆட்டம் இல்லை.

மின்சார உதவியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மொரிஸ் ராக்கின் பற்கள் மனிதக் கையின் பலத்துக்கு அளந்து செய்தவை. நின்ற இடத்தில் நிற்கும் வண்டியை மோட்டாரின் முழுப் பலத்தோடு ஒடித்தால் பற்களுக்குத்தான் அடி. உதவியைக் குறைத்து வைக்க வேண்டும், வண்டி சற்று அசையும்போதே திருப்பப் பழக வேண்டும். மின்சாரம் நின்றுபோனாலும் கையால் திருப்ப முடிகிறதா என்று வீதிக்குப் போகுமுன் பார்க்க வேண்டும். இந்த மாற்றத்தில் ஒரு நன்மையும் இருக்கிறது. முன்னால் மோதினால் பழைய நேர்த்தண்டு சாரதியின் நெஞ்சுக்கு நேரே வரும். மடங்கும் ஜொயின்டும் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இடைத்தண்டும் அந்த ஆபத்தைக் குறைக்கும். ஆகவே பழையது எல்லாம் சிறந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

பூட்டுகிற நாளில் நான் பக்கத்தில் இருந்தேனே தவிர ஸ்பனரைத் தொடவில்லை. ராக்கின் நடுவை எண்ணிப் பிடித்தது அவன், விளக்கை வைத்து வெட்டைப் பார்த்தது அவன், போல்டுகளை அளவுக் கருவியால் இறுக்கியதும் அவன். ஒவ்வொரு போல்டிலும் வெள்ளைப் பூச்சால் கோடு இழுக்கச் சொன்னேன். நட்டு ஒரு மயிரிழை கழன்றாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி படுத்துப் பார்க்கச் சொன்னேன், பார்த்தான். எங்களிடம் இல்லாத அளவுக் கருவியும், நாங்கள் காணாத தரமான போல்டும், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் வரவழைக்கிற வசதியும் அவனிடம் இருந்தன. பொறுப்போடு செய்கிற இளைஞன் என் தகப்பனைவிட நல்ல இணைப்பைப் பூட்ட முடியும் என்று அன்று கண்ணால் கண்டேன்.

என் கவலை, அவனுக்குக் கிடைத்ததுபோலச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காதவர்களைப் பற்றியது. அன்று பாகம் கிடைப்பது அரிது, ஆனால் அதைப் பூட்டியவர் யார் என்று ஊருக்கே தெரியும். ஸ்டியரிங் விட்டுப்போனால் பதில் சொல்ல வேண்டியவர் சந்தியில் இருந்தார். இன்று பாகம் ஓரிடம், வெல்டிங் ஓரிடம், பூட்டுவது ஓரிடம். நடுவே உள்ள இணைப்புக்கு உரித்தாளி இல்லை. லொறிகளுக்கு வருடாவருடம் தகுதிச் சான்றிதழ் எடுக்கிறோம். அதற்காக வண்டியைக் காட்டும்போது புகையையும் பிரேக்கையும் லைட்டையும் பார்ப்பதுபோல, ஒருவர் சக்கரத்தைப் பிடித்து ஆட்ட இன்னொருவர் அடியில் படுத்து அந்த இணைப்பைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்குச் சில நிமிடம் போதும். எங்கள் ஊரிலும் தொழிற்பயிற்சி நிலையங்களில் பிள்ளைகள் மோட்டார் பொறிமுறை படிக்கிறார்கள். புதுக் கார்களின் கணினிச் சோதனையோடு ஒரு பழைய ராக்கையும் ஒரு லொறிப் பெட்டியையும் அவர்கள் கையால் பிரித்துப் பூட்ட வேண்டும். இந்த மாவட்டத்தின் நெல்லையும் மீனையும் சீமெந்தையும் மாவையும் சுமப்பது இன்னும் பழைய வண்டிகள்தானே.

கராஜ் நடத்துகிற தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கொப்பி வாங்குங்கள். எந்த வண்டி, எந்தப் பாகம், எங்கிருந்து வந்தது, யார் பூட்டியது, எப்போது திரும்பப் பார்த்தது என்று எழுதி, பூட்டியவரின் கையெழுத்தை வாங்குங்கள். பிறகு வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுக்குமுன் கையெழுத்துப் போட்டவரே அதை ஓட்டிப் பார்க்கட்டும். தான் ஏறத் தயங்குகிற வண்டியை ஒருவர் பிறருக்குக் கொடுக்கமாட்டார். எந்த அளவுக் கருவியும் தராத பாதுகாப்பு அதில் இருக்கிறது.